தண்ணீர் பாட்டில் ஏன் நிறைந்தே வருகிறது?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் நான்கு பையன்கள் அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பையை ஒளித்துவைக்கிறார்கள், இடைவேளையில் பிடித்துத் தள்ளுகிறார்கள். காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான். வகுப்பாசிரியரிடம் சொன்னேன். 'பையன்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள்' என்றார். 'ஆண்பிள்ளை அழக்கூடாது, திருப்பி அடித்துவிட்டு வா' என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்குத் தைரியம் வரவழைப்பது எப்படி?
- பெயர் வெளியிட விரும்பாத தந்தை, விருத்தாசலம்

பதில்: உங்கள் மகனுக்குத் தைரியத்தில் குறைவில்லை. நான்கு பேர் காத்திருக்கும் வகுப்புக்குத் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறானே!

தண்ணீரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னை உறுத்துவது அந்த வரிதான். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். ஆசிரியர்களின் கண் படாத இடம் அது. அங்கே அந்த நால்வர் நிற்பார்களோ என்று பயந்து தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருக்கிறானா என்று இன்று இரவே மெல்லக் கேளுங்கள். நான் படித்த பள்ளியில் என் பெஞ்சிலேயே அப்படி ஒருவன் இருந்தான். கடைசி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவான். ஏன் ஓடுகிறான் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திருப்பி அடிக்கச் சொன்னது தவறு. சண்டை என்றால் ஏறக்குறைய சமபலம் உள்ளவர்களுக்குள் வருவது. நால்வர் சேர்ந்து ஒருவனை நாள் தவறாமல் வதைப்பதற்குச் சண்டை என்று பெயரில்லை. அவன் உங்களிடம் காப்பாற்றச் சொல்லி வந்தான். நீங்கள் அவன் தலையிலேயே இன்னொரு வேலையைக் கட்டி அனுப்பிவிட்டீர்கள். அதைச் செய்ய முடியாமல் போனால் அடுத்த முறை உங்களிடமும் சொல்லமாட்டான். அந்த மௌனம்தான் எனக்குக் கவலை தருகிறது.

வகுப்பில் அந்த நால்வரையும் உங்கள் மகனையும் தவிர முப்பது நாற்பது பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் என்ன செய்கிறார்கள்? பட்டப்பெயருக்குச் சிரிக்க ஆளில்லாவிட்டால் அது எத்தனை நாள் ஓடும்? கனடாவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகிய ஆய்வாளர்கள், தங்கள் சகாக்களுடன் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்தும் பிள்ளைகளின் உடையில் மைக் பொருத்தியும் கவனித்தார்கள். பெரும்பாலான சீண்டல்கள் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் நடுவேதான் நடந்தன. குறுக்கே போன பிள்ளைகள் மிகச் சிலர். ஆனால் யாராவது ஒரு பிள்ளை குறுக்கே போனபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து வினாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. 2001இல் வெளிவந்த ஆய்வு இது.

'பையன்கள் அப்படித்தான்' என்ற ஆசிரியருக்கு நார்வேயின் கதையைச் சொல்லுங்கள். அங்கே 1982இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். உடன் படித்தவர்களின் கொடுமைதான் காரணம் என்று நம்பப்பட்டது. நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே பள்ளிகளில் இயக்கம் தொடங்கியது. டேன் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார். கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இடைவேளையில் பெரியவர்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒவ்வொரு வகுப்பும் தனக்கென விதி எழுதி, அதைப் பற்றி அடிக்கடி கூடிப் பேசியது. பெற்றோரையும் அழைத்துப் பேசினார்கள். இதில் நம் ஊர்ப் பள்ளியால் செய்ய முடியாதது எது? இரண்டு இடைவேளையிலும் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்பதற்கு அரசாணை வேண்டுமா?

புகாரை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நால்வரையும் உங்கள் மகனையும் ஒன்றாக நிறுத்திக் கைகுலுக்க வைக்கும் சடங்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். புகார் சொன்ன பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்பதை முதலில் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் நடந்த கொடுமையை வெளியே சொன்ன பட்டியலின மாணவனை, உடன் படித்தவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகுதான் மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்லும் நீதிபதி சந்துரு குழுவே அமைந்தது. அது என்ன பட்டப்பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. சாதியையோ நிறத்தையோ தொட்ட சொல் என்றால், கூச்சப்படாமல் அந்தச் சொல்லையே புகாரில் எழுதுங்கள். 'கிண்டல் செய்கிறார்கள்' என்று பூசி மெழுகினால் படிப்பவருக்கு உறைக்காது.

அந்த நால்வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான். அவர்களைப் பிரம்பால் வெளுக்கச் சொல்லாதீர்கள். வலுத்தவன் இளைத்தவனை அடிக்கலாம் என்பதைத்தான் அது மறுபடியும் கற்றுக்கொடுக்கும். பெஞ்ச் மாற்ற வேண்டுமென்றால் அவர்களை மாற்றட்டும், உங்கள் மகனை அல்ல.

மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேட்டிருக்கிறீர்களா? ஒரு பெயராவது சொல்வான். அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வீட்டுக்கு அழையுங்கள்.

பள்ளி அசையாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417க்கும், குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098க்கும் பேசுங்கள். பதினைந்து நாளில் தலைமை ஆசிரியர் என்ன செய்தார் என்பதை எங்களுக்கும் எழுதுங்கள்.