பிள்ளைக் காய்ச்சலும் மலேரியா மருந்தும்: கேள்வி பதில்

திருகோணமலையில் மலேரியாவுக்காக இரத்தப் பூச்சு (கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தத் துளி) பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மலேரியாவா?

இந்நாட்டில் வழக்கமாகப் பரவிவந்த மலேரியா கடைசியாக 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழும் தந்துவிட்டது. முதலில் டெங்குவைப் பாருங்கள் அம்மா. பிள்ளை அண்மையில் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்திருந்தால் அதை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

உப்புவெளி மாணவி: ஆபிரிக்காவில் ஒரே மலேரியா மாத்திரை பெரியவருக்குக் கேட்கிறது, குழந்தைக்குக் கேட்பதில்லை என்று படித்தேன். ஏன்?

நல்ல கேள்வி, பிள்ளை. மலேரியா ஓயாத ஊரில் வளர்ந்தவரின் உடலில் மருந்து தனியே போராடுவதில்லை. பழைய தொற்றுகள் விட்டுச்சென்ற எதிர்ப்புச் சக்தியும் துணை நிற்கிறது. 1961இல் காம்பியாவில் அத்தகைய பெரியவர்களின் இரத்தத்திலிருந்து கிருமியை எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரியைப் பிரித்து, நோயுற்ற சிறுவர்களுக்கு ஏற்றினார்கள். ஒட்டுண்ணிகள் மளமளவெனக் குறைந்தன. பிறந்த சிசுவுக்குத் தாய் கொடுத்த எதிர்ப்பு சில மாதங்களுக்குக் காக்கும். அது வடிந்தபின், தன்னுடையது உருவாகும்வரை, குழந்தைக்கு மருந்து மட்டும்தான். ஆகவே மருந்து பாதி பலமிழந்தால், பெரியவர் எழுந்து நடப்பார், குழந்தை விழும். இன்றைய முதன்மை மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து தொடங்கி மூன்றாம் நாள் எடுத்த பூச்சிலும் சிவப்பணுக்களுக்குள் ஒட்டுண்ணியின் மெல்லிய மோதிர வடிவங்கள் தெரிந்தால் நாங்கள் முகம் சுளிப்பது இதனால்தான்.

மூதூர் அன்பர்: எங்கள் பாட்டனார் மருந்தில்லாமலே மலேரியாவைத் தாங்கியவர். இயற்கை எதிர்ப்பே மேல் அல்லவா?

பாட்டனார் தாங்கினார், அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் தாங்கினார்கள் என்று விசாரித்தீர்களா? 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் ஈர வலயப் பக்கத்தில்தான் ஆட்களை வாரிக்கொண்டு போனது. நம்முடைய உலர் வலயத்தில் அவ்வளவு இல்லை, எதிர்ப்பு இருந்தது என்பது சரி. அந்த எதிர்ப்புக்கு விலை கொடுத்தவர்கள், மண்ணீரல் வீங்கி வயிறு துருத்திய சிறுவர்கள். ஊரை விட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்தால் அதுவும் தேய்ந்துவிடும். இன்று இங்குள்ள பிள்ளைகளுக்கு அது அறவே இல்லை.

நிலாவெளி: பப்பாளி இலைச் சாறு?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். மலேரியாவுக்கு அது மருந்தல்ல.

தம்பலகாமம்: குழந்தையோடு உகண்டா போகிறோம். தடுப்பூசி போடலாமா?

2021இலும் 2023இலும் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு தடுப்பூசிகளும் அங்கே வாழும் குழந்தைகளுக்கானவை; பயணிகளுக்கல்ல. புறப்படுமுன் மலேரியா தடுப்பு இயக்கத்திடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள், நுளம்பு வலை எடுத்துச் செல்லுங்கள். யாரோ மிச்சம் வைத்த மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள்.

மீண்டும் மூதூர்: மருந்தும்தான் பலமிழக்கிறதே!

இழக்கிறது, குறிப்பாக அரைகுறை அளவில் விழுங்கினால். மலேரியாக் கிருமிகளில் கொடியதான பல்சிபாரத்திடம் பழைய மருந்தான குளோரோகுயின் தோற்றது, ஆர்ட்டிமிசினின் கம்போடியாவில் தடுமாறியது. ஆனால் ஆபிரிக்க நாடான மலாவி 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது. 2006இல் வெளியான ஆய்வில், அதே மருந்து அந்நாட்டுச் சிறுவர்களில் 99 வீதத்தினரைக் குணமாக்கியது. மருந்தின் நெருக்குதல் நீங்கியதும், எதிர்த்துப் பழகிய கிருமியைப் பழைய கிருமி முந்திவிட்டது. பாட்டனார் கணக்கில் இதற்கு இடமுண்டா, சொல்லுங்கள்.