கல்முனைக் கடைக் கணினி: விண்டோஸ் 7 ஏற்றும்போது கீபோட் வேலை செய்யவில்லை

வணக்கம் சகோ. எச்110 சிப்செட் (மற்ற பாகங்களை இணைக்கும் சில்லு) உள்ள மதர்போட்டில் பென் டிரைவால் விண்டோஸ் 7 போடும்போது 'சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று நிற்கிறது, கீபோட்டும் மவுஸும் அசையவில்லை என்றீர்கள். பென் டிரைவில் பிழை இல்லை. அந்த சிப்செட்டில் பழைய யூஎஸ்பி 2 கண்ட்ரோலரே (யூஎஸ்பியை இயக்கும் பகுதி) கிடையாது, கறுப்பு யூஎஸ்பி துளையும் யூஎஸ்பி 3 கண்ட்ரோலர் வழியாகத்தான் ஓடும். 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு அதைத் தெரியாது. பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போட்டின் மென்பொருள்) கீபோட் வேலை செய்வதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கே அதை ஓட்டுவது பயோஸ்.

வேறொரு விண்டோஸ் 10 கணினியில் டிஸ்ம் (விண்டோஸ் கோப்புகளைத் திருத்தும் கருவி) கட்டளையால், இன்டெலின் 100 சீரிஸ் யூஎஸ்பி 3 டிரைவரை (யூஎஸ்பியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்) பென் டிரைவிலுள்ள பூட்.விம் (ஏற்றும் நிரலைத் தொடங்கும்) கோப்பின் 2ஆம் இன்டெக்ஸில் (உட்பிரிவில்) சேருங்கள். விண்டோஸே அடங்கிய இன்ஸ்டால்.விம் கோப்பில் நீங்கள் போடும் பதிப்புக்கும் சேருங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள். விட்டால், ஏற்றி முடிந்து முதல் தடவை திறக்கும்போது கீபோட் மறுபடி செத்துவிடும். 64 பிட்டுக்கு 64 பிட் டிரைவர்தான். மாற்றத்தைக் கமிட் செய்து (சேமித்து), கோப்பை அன்மவுண்ட் பண்ண (மூட) மறந்தால் எல்லாம் வீண்.

மதர்போட்டில் வட்டமான பிஎஸ்/2 துளை இருந்தால் பழைய கீபோட்டைச் செருகி, டிவிடியில் ஏற்றுவதே சுகம்.

பயோஸில் செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடங்க விடாத பூட்டு) நிறுத்தி, சிஎஸ்எம்மை (பழைய விண்டோஸை ஓடவிடும் அமைப்பு) இயக்குங்கள். என்விஎம்ஈ (புது வகை வேகமான எஸ்எஸ்டி) டிஸ்க் என்றால் மைக்ரோசாப்டின் கேபி2990941 பாட்சும் (திருத்தக் கோப்பு) வேண்டும். பிராசசர் 7ஆம் தலைமுறையா? அதன் கிராபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் தரவில்லை. விண்டோஸ் 7 கடையின் பில் மென்பொருளுக்கு மட்டும்தான் என்றால், அதை விண்டோஸ் 10க்குள் வெர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் மென்பொருள்) ஓட்டுங்கள்.