சத்தத்தைக் குறைக்கப் போய் விளக்கு கெட்டதா?

கேள்வி: என் எச்.ஓ. அளவு மாதிரி ரயில் டீசல் எஞ்சினில் லோக்சவுண்ட் 5 டிகோடர் (எஞ்சினின் ஓட்டம், ஒலி, விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) இருக்கிறது. எஞ்சின் ஓசை மட்டும் குறையட்டும் என்று சி.வி. (டிகோடரின் அமைப்பு மதிப்புகளை வைக்கும் எண்ணிட்ட இடம்) 259-இல் 60 எழுதினேன். ஓசை குறையவே இல்லை, முன்விளக்குதான் ஒழுங்காக எரியவில்லை. டிகோடர் போய்விட்டதா?

பதில்: டிகோடருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எழுதிய சி.வி.யும் சரி, மதிப்பும் சரி. எழுதிய பக்கம்தான் வேறு.

லோக்சவுண்டில் 259 என்று ஒரே ஒரு சி.வி. கிடையாது. 257 முதல் 512 வரை உள்ள 256 இடங்களும் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேலை செய்பவை. எந்தப் பக்கம் என்பதை சி.வி. 31-உம் 32-உம் சேர்ந்து முடிவு செய்கின்றன. 31-இல் 16, 32-இல் 0 இருந்தால், 259 என்பது முன்விளக்கு எந்த முறையில் எரிய வேண்டும் என்ற அமைப்பு. 32-இல் 1 இருந்தால்தான் அதே 259 முதல் ஒலி ஸ்லாட்டின் (ஒவ்வொரு ஒலிக்கும் உள்ள தனி இடம்), அதாவது பெரும்பாலும் எஞ்சின் ஓசையின், அளவு. தெருப் பெயர் போடாமல் கதவு எண்ணை மட்டும் எழுதிக் கடிதம் அனுப்பிய கதைதான். டிகோடர் பொதுவாக 16, 0 என்ற நிலையில் வருவதால், உங்கள் 60 நேராக விளக்குக்குப் போய்விட்டது.

ஏன் இவ்வளவு சுற்றல்? டி.சி.சி. (தண்டவாளம் வழியாக எஞ்சினை இயக்கும் டிஜிட்டல் முறை) கட்டளையில் சி.வி. எண்ணுக்கு 10 பிட் மட்டுமே இடம். 1024-க்கு மேல் போக முடியாது. ஒலி டிகோடருக்கு அது போதவில்லை. 31-இல் 0 முதல் 15 வரையிலான மதிப்புகளை என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கம்) தரநிலை தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் கம்பெனிகளின் பக்கங்கள் 16-இல் தொடங்குகின்றன.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் 31-இல் 16, அடுத்து 32-இல் 1, அதன் பிறகு 259-இல் 60. ஓசை குறையும். அப்புறம் 32-இல் 0 எழுதி, 259-இல் விளக்கின் பழைய மதிப்பைப் போடுங்கள். மங்கலாக்கக்கூடிய சாதாரண விளக்குக்கு 1. உங்கள் ஒலித் திட்டத்தில் (டிகோடரில் ஏற்றியிருக்கும் ஒலி, அமைப்புகளின் தொகுப்பு) விளக்குக்கு வேறு விளைவு இருந்திருந்தால் மேனுவலின் பட்டியலைப் பாருங்கள். சி.வி. 8-இல் 8 எழுதி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்தான். ஆனால் எஞ்சின் முகவரி உட்பட நீங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் போய்விடும், ஒரு விளக்குக்காக நான் அதைச் செய்யமாட்டேன்.

மற்ற ஒலிகளுக்கு, அதே 16, 1 பக்கத்தில், எட்டு எட்டாகக் கூட்டிக்கொள்ளுங்கள்: இரண்டாம் ஸ்லாட்டுக்கு 267, மூன்றாவதுக்கு 275. ஹார்ன் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை ஒலித் திட்டத்தின் குறிப்பில் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 257-க்கு மேல் எதை எழுதினாலும், அதற்குச் சற்று முன் 31, 32 இரண்டையும் எழுதுங்கள். நேற்று எழுதியதுதானே என்று விடக் கூடாது. ஓடும் பாதையிலேயே புரோகிராம் செய்தால் இது இன்னும் முக்கியம். ரெயில்காம் என்ற, டிகோடர் பதில் அனுப்பும் வசதி இல்லாத அமைப்பில் டிகோடர் பதில் சொல்லாது. சக்கர அழுக்கால் 32-க்கான கட்டளை மட்டும் தவறிப்போனால், அடுத்த கட்டளை சத்தமில்லாமல் வேறு பக்கத்தில் போய் உட்காரும். புரோகிராமிங் டிராக்கில் (புரோகிராம் செய்வதற்கென்று உள்ள தனித் தண்டவாளம்) படித்துப் பார்க்கலாம். டிகோடர் குறைந்தது 60 மில்லிஆம்பியர் மின்னோட்டத் துடிப்பால் ஆமாம் என்று சொல்லும். அங்கேயும் முதலில் 31, 32-ஐப் படியுங்கள், பிறகு 259.

கணினி இருந்தால் டிகோடர்ப்ரோ என்ற மென்பொருள் இந்தத் தலைவலியைத் தானே ஏற்றுக்கொள்ளும். அதில் 16.1.259 என்று எழுதியிருப்பது 31, 32, பிறகு சி.வி. எண் என்ற வரிசை. ஆனால் இந்த எண்களை வேறு கம்பெனி டிகோடருக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். பழைய கியூ.எஸ்.ஐ. டிகோடர்களில் பக்கம் காட்டுபவை 49-உம் 50-உம்.

உங்களுக்கு வேண்டியது மொத்த ஒலியையும் குறைப்பது மட்டும்தான் என்றால் சி.வி. 63 போதும். அதற்குப் பக்கம் எதுவும் கிடையாது.