உலக வர்த்தக அமைப்பு எப்படி இயங்குகிறது? மதுரையில் இருக்கும் ஒருவருக்கு அதனால் என்ன?

கேள்வியின் இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் குடும்பத்துக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. எனக்கு இந்த அமைப்பின் மேல் அக்கறை வந்ததே மல்லிகைப் பூவால்தான்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயரால் அறியப்படும் பொருளின் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. சுங்குடிச் சேலைக்கு அதற்கு முன்பே, 2005-இல் கிடைத்துவிட்டது. இந்தக் குறியீட்டுக்கான இந்தியச் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இல்லாத சட்டம் அப்போது ஏன் வந்தது என்று தேடினால், நாடுகளுக்கு இடையிலான வர்த்தகத்துக்கு விதி வகுக்கும் இந்த அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில்தான் போய் நிற்போம். உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினராக இருக்கும் நாடு அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். சுருக்கமாக ட்ரிப்ஸ் என்பார்கள். ஊர்ப்பெயரால் அறியப்படும் பொருள்களுக்கு அதில் 22 முதல் 24 வரையிலான பிரிவுகள் இருக்கின்றன. சொந்த நாட்டில் பாதுகாப்பு இல்லாத பெயரை மற்ற நாடுகள் பாதுகாக்க வேண்டியதில்லை என்கிறது 24-ஆம் பிரிவு. டார்ஜிலிங் தேயிலைக்கு வெளியே பாதுகாப்புக் கேட்க வேண்டுமென்றால் முதலில் இங்கே சட்டம் வேண்டும். அப்படி வந்த சட்டத்தின் பதிவகம்தான் சென்னை கிண்டியில் இருக்கிறது.

இதைச் சொன்னபோது சித்தப்பா கேட்டார்: "ஜெனீவாவுல இருக்கவன் எதுக்குடா நம்ம பூவப் பத்திச் சட்டம் போடுறான்?" நியாயமான கேள்வி. பதில் அந்த அமைப்பு கட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

1947-இல் 23 நாடுகள் சேர்ந்து காட் என்ற வரி, வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவும் அதில் ஒன்று. 1986-இல் உருகுவேயில் தொடங்கிய பேச்சுவார்த்தை 1994-இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் முடிந்தது. அதன் பலனாக 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. இன்று 166 உறுப்பினர்கள்.

உச்சத்தில் அமைச்சர்கள் மாநாடு, குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இடைப்பட்ட காலத்தில் எல்லா நாட்டுத் தூதர்களும் உட்காரும் பொதுக்குழு நடத்துகிறது. அதே பொதுக்குழுதான் வழக்குகளைப் பார்க்கும்போது தகராறு தீர்வு அமைப்பாகவும், ஒவ்வொரு நாட்டின் வர்த்தகக் கொள்கையை அலசும்போது ஆய்வு அமைப்பாகவும் கூடுகிறது. அதற்குக் கீழே சரக்கு, சேவை, அறிவுசார் சொத்துரிமை என்று மூன்று மன்றங்கள். தலைமை இயக்குநராக 2021 மார்ச்சிலிருந்து நைஜீரியாவின் என்கோசி ஒகோன்ஜோ இவேலா இருக்கிறார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர். ஆனால் அவரோ செயலக ஊழியர்களோ எந்த நாட்டுக்கும் உத்தரவு போட முடியாது. விதிகளை எழுதுவது உறுப்பு நாடுகளே. ஆக, சித்தப்பா கேட்ட அந்தச் சட்டத்துக்கு நம் நாட்டுப் பிரதிநிதியும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முடிவு எடுக்கும் முறையை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பன்னாட்டு நிதியத்திலும் உலக வங்கியிலும் பணம் அதிகம் போட்ட நாட்டுக்கு ஓட்டு பலம் அதிகம். இங்கே அப்படிக் கிடையாது. கூட்டத்தில் இருக்கும் ஒரு நாடுகூட எதிர்ப்புச் சொல்லாவிட்டால்தான் முடிவு. ஊர்க்கூட்டத்தில் ஒரு பங்காளி எழுந்து "எனக்குச் சம்மதமில்லை" என்றால் கோயில் கொடை தள்ளிப்போகிற மாதிரிதான். 2014 ஜூலையில் சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் ஒப்பந்தத்தை இந்தியா இப்படி நிறுத்தி வைத்தது. காரணம் நம் நெல்: அதற்கும் ஒரு தீர்வு சொல்லுங்கள் என்று கேட்டது.

மேலூர்ப் பக்கம் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அரசு அறிவித்த விலைக்கு நெல் எடுக்கிறார்கள் அல்லவா, உலக வர்த்தக விதிப்படி இப்படித் தரும் விலை ஆதரவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வளரும் நாடு என்றால் அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம். அந்த ஆதரவைக் கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டு விலையோ 1986-88 காலத்து விலை! அதற்குப் பிறகு உரம், கூலி, டீசல் எல்லாம் எங்கே போய்விட்டன என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. எனக்கு இது அப்பட்டமான அநியாயமாகப் படுகிறது. 2013 பாலி மாநாட்டில் இதற்குத் தற்காலிக ஏற்பாடு வந்தது. நிரந்தரத் தீர்வு வரும்வரை, சில நிபந்தனைகளோடு, யாரும் இதை வழக்காக்கக் கூடாது என்பது ஏற்பாடு. 2018-19 நெல் கணக்கில் இந்தியா வரம்பைத் தாண்டியபோது அந்த ஏற்பாட்டைத்தான் பயன்படுத்தியது. நிரந்தரத் தீர்வு இன்னும் எட்டவில்லை.

வழக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு புகார் கொடுத்தால் முதலில் பேச்சுவார்த்தை, பிறகு நிபுணர் குழு, பிறகு மேல்முறையீடு. தீர்ப்பை வேண்டாம் என்று எல்லா நாடுகளும் சேர்ந்து சொன்னால்தான் அது விழும், அதனால் தீர்ப்புக்கு நல்ல பலம் இருந்தது. ஆனால் மேல்முறையீட்டு அமைப்புக்குப் புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால் 2019 டிசம்பரிலிருந்து அது முடங்கிக் கிடக்கிறது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அப்படியே தொங்கும். கரும்பு விலை, சர்க்கரை ஏற்றுமதி தொடர்பான வழக்கில் 2022-இல் இந்தியாவும் இதைத்தான் செய்தது. இந்த ஒரு வழக்கில் அது நமக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் நீதி கேட்க இடமில்லாவிட்டால் நாளைக்கு அடிபடுவது பெரிய நாடாக இருக்காது.

மறுபடி பூவுக்கு வருகிறேன், என் மனக்குறை அங்கேதான். ட்ரிப்ஸில் எல்லா ஊர்ப்பெயருக்கும் ஒரே மரியாதை இல்லை. 23-ஆம் பிரிவு ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. பிரான்ஸின் ஷாம்பேன் பகுதியில் தயாராகாத ஒயினில் 'ஷாம்பேன் பாணி' என்று எழுதி, எந்த நாட்டில் தயாரித்தது என்று உண்மையைச் சேர்த்துப் போட்டாலும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. மதுரை மல்லிக்கும் சுங்குடிக்கும் 22-ஆம் பிரிவுதான். அதில் வாங்குபவர் ஏமாறுகிறார் என்று காட்ட வேண்டும். 'மதுரை வகை மல்லி' என்று போட்டு, விளைந்த நாட்டின் பெயரையும் எழுதிவிட்டால் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்தக் கூடுதல் பாதுகாப்பை மற்ற பொருள்களுக்கும் நீட்டச் சொல்லி இந்தியா, சுவிட்சர்லாந்து, தாய்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் கேட்கின்றன. 2001 தோஹா பிரகடனத்திலேயே இந்த விஷயம் இடம்பெற்றது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்றவை எதிர்க்கின்றன. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பதால் இன்றுவரை அப்படியே நிற்கிறது. நெல்லுக்காக நமக்குக் கைகொடுத்த அதே முறை இங்கே நம்மை மறிக்கிறது. அதற்காக அந்த முறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவே மாட்டார்கள். ஆனால் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் விடியுமுன் தோட்டத்தில் நின்று மொட்டுப் பறிக்கிறவரின் உழைப்பு ஒரு மதுப்புட்டியைவிட எந்த விதத்தில் குறைந்தது?

குறியீடு கிடைத்ததால் விலை ஏறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மார்க்கெட்டில் இன்றும் முகூர்த்த நாளும் பனிக்கால வரத்துக் குறைவும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. குறியீடு அதற்கு விண்ணப்பித்த சங்கத்தின் பெயரில் இருந்தாலும், தனி விவசாயியோ வியாபாரியோ அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தன் பெயரைத் தனியே பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்தும் உரிமை உண்டு, போலிக்கு எதிராக வழக்கும் போடலாம். உங்கள் சொந்தத்தில் யாராவது மல்லி போட்டிருந்தால் இந்தப் பதிவைச் செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். கிண்டிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தின் பெயர் ஜிஐ-3.