கனடா பிஆர்: அரசுக்கு எவ்வளவு, எதை எப்போது கட்டுவது?

கேள்வி: நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (புள்ளி அடிப்படையில் ஆள் தேர்வு செய்யும் முறை) வழியாக கனடா பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பிக்க இருக்கிறோம். கன்சல்டன்ட் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்கிறார். அரசுக்கு உண்மையில் எவ்வளவு போகும்?

பதில்: அந்த ஒரே தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அரசுக் கட்டணம், தேர்வுகளுக்கான செலவு, அவருடைய கூலி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ப்ரொஃபைல் போடுவதற்கு அரசு ஒரு டாலர்கூட வாங்குவதில்லை. அதற்கென்று யாராவது ‘அரசுக் கட்டணம்’ கேட்டால் கொடுக்காதீர்கள்.

அரசுக்குப் பணம் கட்டுவது, ‘விண்ணப்பிக்கலாம்’ என்று அரசு அனுப்பும் அழைப்பு (ஐடிஏ) வந்த பிறகுதான். 2024 ஏப்ரல் 30 முதல் அமலான பட்டியலில் பெரியவர் ஒருவருக்குப் பரிசீலனைக் கட்டணம் 950 கனடிய டாலர், குழந்தைக்கு 260. உங்கள் மூவருக்கும் 2,160. நிரந்தர வசிப்புக்கான உரிமைக் கட்டணம் பெரியவருக்கு 575 வீதம் 1,150. குழந்தைக்கு இது கிடையாது. பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, புகைப்படம்) ஒருவருக்கு 85 என்று உங்கள் இருவருக்கும் 170. பதினான்கு வயது ஆகாததால் மகளுக்குத் தேவையில்லை. ஆக அந்தப் பட்டியல்படி மொத்தம் 3,480 டாலர். இந்தக் கட்டணங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்துகிறார்கள். கட்டும் நாளன்று அரசுத் தளத்தில் உள்ள தொகையைப் பார்த்துக் கட்டுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் உரிமைக் கட்டணம் திரும்பி வரும். பரிசீலனை தொடங்கிவிட்டால் பரிசீலனைக் கட்டணம் திரும்பாது. உரிமைக் கட்டணத்தைப் பிறகு கட்டவும் வழி உண்டு, ஆனால் அதனால் தாமதம்தான் மிஞ்சும், சேர்த்தே கட்டிவிடுங்கள்.

கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டணங்கள் அல்ல, காலாவதியால் இரண்டாம் முறை கட்டும் செலவு. ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், விண்ணப்பம் சமர்ப்பிக்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் பட்டம் கனடாப் படிப்பில் எதற்கு இணை என்று சொல்லும் பட்ட மதிப்பீட்டுக்கு (இசிஏ) ஐந்து ஆண்டு ஆயுள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆவணம் போய்ச் சேரவே நாளாகும் என்பதால் இசிஏவை முதலில் தொடங்கி, அது ஓடும்போதே தேர்வு எழுதுவதுதான் சரியான வரிசை. ஐஇஎல்டிஎஸ் எழுதுவதானால் ‘ஜெனரல் டிரெய்னிங்’ எடுங்கள். ‘அகடமிக்’ எழுதினால் மொத்தப் பணமும் வீண்.

மனைவிக்கும் தேர்வும் இசிஏவும் கட்டாயம் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். அவர் துணையாக வரும்போது அவை கட்டாயமில்லை, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கூடுதல் புள்ளிகளுக்காக மட்டுமே. மொழிக்கு அதிகபட்சம் 20 புள்ளி, படிப்புக்கு 10. அரசுத் தளத்தின் கணிப்பானில் போட்டுப் பார்த்து, அந்தப் புள்ளிகள் தேவைப்பட்டால் செலவு செய்யுங்கள். யாரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் புள்ளி கூடும் என்பதையும் அப்போதே பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கனடா அரசு அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும், குடும்ப மருத்துவரின் சான்று செல்லாது. கட்டணம் நேரடியாக அவருக்கு. முடிவு 12 மாதமே செல்லும். ஐடிஏ வந்தபின் இருப்பது 60 நாள்தான். அதனால் அழைப்பு வந்த அன்றே நேரம் வாங்கிவிடுங்கள். காவல்துறைச் சான்றும் அப்படித்தான்: கடந்த பத்தாண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். ஏதாவது ஒரு தாள் விடுபட்டு விண்ணப்பம் முழுமையற்றது என்று திரும்பினால் பணம் கிடைத்துவிடும், அழைப்பு போய்விடும்.

அங்கே போய்க் குடியேறப் பணம் இருக்கிறது என்று காட்டும் கையிருப்புத் தொகை செலவில் சேராது. அது உங்கள் கணக்கிலேயே இருக்கும். 2025 ஜூலை கணக்குப்படி மூவருக்கு 23,360 டாலர். கனடா அனுபவப் பிரிவில் (கனடாவிலேயே வேலை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கானது) விண்ணப்பிப்பவர்கள் இதைக் காட்ட வேண்டியதில்லை. வங்கிக் கடிதத்தில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாத சராசரி இருப்பு, நிலுவைக் கடன் எல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். போன வாரம் திடீரென்று விழுந்த பெரிய தொகை அந்தச் சராசரியிலேயே அப்பட்டமாகத் தெரியும். கடன் வாங்கிய பணத்தையும் வீட்டின் மதிப்பையும் ஏற்க மாட்டார்கள். அப்பா அன்பளிப்பாகத் தந்ததென்றால், திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு அவர் கணக்கிலிருந்து பணம் வந்த பதிவையும் இணையுங்கள்.