துப்பாக்கியில் எது துப்பாக்கி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிச்சிகனில் வசிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பகுதி தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் போலீசார் துப்பாக்கிகளை விலைக்கு வாங்கினார்கள். பெயர் கேட்கவில்லை. கொடுத்தவர்களுக்குப் பரிசு அட்டை. வரிசையில் பாதிப்பேர் முதியவர்கள். ஒரு பாட்டி, இறந்துபோன கணவரின் ரிவால்வரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ரவுடியா இங்கே வந்து கொடுக்கப்போகிறான்? ஆஸ்திரேலியாவில் பலித்தது என்கிறார்கள். இந்தக் கூத்தால் இங்கே கொலைகள் குறையுமா?

முத்துக்குமரன்

அன்புள்ள முத்துக்குமரன்,

அமெரிக்க நகரங்களில் இப்போது நடத்துகிற விதத்தில் குறைவதாகத் தெரியவில்லை. 1974-ல் பால்டிமோர் போலீசார் ஒன்றுக்கு 50 டாலர் கொடுத்து 13,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கினார்கள். அந்த மாதங்களில் துப்பாக்கிக் கொலைகள் கூடத்தான் செய்தன. 1991 முதல் 2015 வரை பல நகரங்களில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்களுக்கும் குற்றம் குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவை இதோடு சேர்க்காதீர்கள். 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் அரைத் தானியங்கி ரைபிள்களை முதலில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மருத்துவ வரியை ஓராண்டுக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 ஆக்கி, அந்தப் பணத்தில் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளுக்கு விலை கொடுத்தார்கள். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் குற்றம். தேவாலய வாசலில் விருப்பப்பட்டவர் கொடுப்பது வேறு காரியம்.

‘கூத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாத வீட்டில் அந்தக் கெட்ட நேரம் கடந்துபோக வழி உண்டு. பேரப்பிள்ளைகள் அலமாரியைத் துழாவுவார்கள், திருடன் வருவான். இதையெல்லாம் யோசித்துத்தான் அந்த அம்மா துண்டில் சுற்றி எடுத்து வந்திருப்பார். ரவுடி வரவில்லை என்பதற்காக அவர் வந்ததைக் கேலி செய்வீர்களா?

நீங்கள் அங்கேயே நின்றிருக்கிறீர்கள். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை: வாங்கிய துப்பாக்கியை என்ன செய்வார்கள்?

அமெரிக்க மத்தியச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது ஒரே ஒரு பாகம். சுடும் பொறியைத் தாங்கி நிற்கும் உடற்பகுதி அது. ரைபிளில் அதற்கு ரிசீவர் என்று பெயர், கைத்துப்பாக்கியில் பிரேம். வரிசை எண் இருப்பது அதில்தான். பேரல் என்கிற குழல், ஸ்லைடு, போல்ட், ஸ்பிரிங்குகள், மேகசின், கட்டை எல்லாம் வெறும் உதிரிபாகம். அவற்றை வாங்குபவரின் பின்னணியை விசாரிக்கும்படி மத்தியச் சட்டம் சொல்லவில்லை. பல போலீஸ் நிலையங்களுக்கு அழிப்பதற்கான வசதியும் கிடையாது, பணமும் கிடையாது. அதனால் இலவசமாக அழித்துத் தருகிறோம் என்று வரும் தனியாரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் ரிசீவரை மட்டும் நொறுக்கிவிட்டு, மிச்சத்தை ‘கிட்’ என்ற உதிரிபாகத் தொகுப்பாக்கி இணையத்தில் விற்கிறார்கள். அதுதான் அவர்களுக்குக் கூலி. 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக வெளியிட்டது. வாங்குபவர் பொருந்துகிற ரிசீவர் ஒன்றைத் தேடிப்பிடித்தாலோ, முப்பரிமாண அச்சில் செய்துகொண்டாலோ, அழிந்ததாகச் சொல்லப்பட்ட துப்பாக்கி மறுபடி சுடும். பாகங்களை இப்படி விற்பது மத்தியச் சட்டப்படி குற்றமில்லை. அந்த அம்மாவுக்கு இது துரோகம்.

ரிசீவரை அழிப்பதிலும் முறை உண்டு. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப் சொல்வது: கேஸ் டார்ச்சால் குறைந்தது மூன்று முக்கிய இடங்களில் முழுக்கத் துண்டாக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டிலும் கால் அங்குல இரும்பாவது உருகிப் போக வேண்டும். வெட்டும் இடங்கள் மாடலுக்கு மாடல் மாறும். அறுக்கும் வாளால் அறுத்தால் நூலளவு இரும்புதான் போகும். துண்டுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்தால் பழைய அளவே வந்துவிடும். பேரலுக்கு இப்படி விதி இல்லை, அதனால் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது உருக்காலை. தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் தோட்டா இல்லை என்று பார்த்து, வரிசை எண்ணைத் திருட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு, வழக்குச் சான்றுகளைத் தனியே வைத்துவிட்டு, மீதியைப் பிரிக்காமல் உலையில் போட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஷெரிப் துறை இப்படி உருக்கி, கட்டுமானக் கம்பியாக்கியிருக்கிறது. அரிசோனாவில் இதற்கும் வழியில்லை: அழிக்கக் கூடாது, விற்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அழித்துவந்த டூசான் நகரம் 2017-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

விலை விஷயம் சின்னது, ஆனால் சொல்லிவிடுகிறேன். 2022-ல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் ஒருவர் முப்பரிமாண அச்சில் செய்த துப்பாக்கிப் பாகங்களைக் குவியலாகக் கொண்டுவந்து 21,000 டாலர் பரிசு அட்டைகளோடு போனார். நியூசிலாந்து 2019-ல் செய்ததுபோல, மாடலுக்கு அடிப்படை விலை வைத்து, நிலைமைக்கேற்ப அதில் 25 முதல் 95 சதவீதம் வரை கொடுத்தால் இது நடக்காது.

உங்கள் மாநிலத்தில் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. அழிப்பு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு உங்கள் போலீஸ் துறைக்கு எழுதுங்கள். ‘எல்லாப் பாகங்களும்’ என்று அதில் இருக்கிறதா, ‘ரிசீவர்’ என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.