உதடு நீலமான அந்த அரை நிமிடம்

கேள்வி: விழித்துப் படுத்திருந்த என் மூன்று மாத மகளின் உதடு திடீரென நீலமாகி, உடல் துவண்டது. அரை நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். நிறைமாதத்தில் பிறந்தவள். அவசரப் பிரிவில் ஈசிஜி மட்டும் எடுத்து, சில மணி நேரம் கண்காணித்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் கூட எடுக்கவில்லை. பயத்தில் நான் தூங்குவதே இல்லை. மூத்த மகனுக்கு வாங்கிய எதுக்களிப்பு மருந்தை இவளுக்குத் தருகிறேன். காலில் மாட்டும் கண்காணிப்புக் கருவி வாங்கட்டுமா?

பதில்: உங்கள் பயம் ஸ்கேனைப் பற்றியதல்ல, தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைப் பற்றியது. இந்த நிகழ்வு அதற்கு முன்னறிவிப்பு அல்ல. மருத்துவர்களே முன்பு அப்படி அஞ்சியதுண்டு. 2016-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாக்கியது: 60 நாள் தாண்டிய, நிறைமாதக் குழந்தைக்கு, முதல்முறையாக, ஒரு நிமிடத்துக்குள் வந்து போய், பரிசோதனையிலும் குறை தெரியாவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஈசிஜி எடுத்தது இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க. உங்களைக் கவனித்தவர்கள் அலட்சியம் காட்டவில்லை.

மருந்தை இன்றே நிறுத்துங்கள். ஒரு குழந்தைக்கு எழுதியதை இன்னொரு குழந்தைக்கு ஊற்ற உங்களுக்கு யார் சொன்னது? அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டும். கருவியும் வேண்டாம். காரணமில்லாமல் அலறி உங்களை எழுப்பும், மரணத்தைத் தடுக்காது. மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம், வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. தூக்கத்தில் ஐந்தாறு விநாடி மூச்சு நின்று தொடர்வது இந்த வயதில் இயல்பு.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இது மறுபடி வருகிறதா? இரண்டாவது முறை வந்தால், அடுத்த நிமிடமே குழந்தை சிரித்தாலும், "போன முறை ஒன்றுமில்லை என்றார்களே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அப்போது கணக்கே வேறு. வலிப்பாக இருக்கலாம். கக்குவான் இருமலாகவும் இருக்கலாம். சின்னக் குழந்தைக்கு அது இருமலே இல்லாமல், மூச்சு நின்றுபோவதாக மட்டும் வரலாம். எவ்வளவு நேரம் நீடித்தது, உடல் துவண்டதா விறைத்ததா, கண் எங்கே போனது என்று பார்த்து வந்து சொல்லுங்கள். எங்களுக்கு எந்த ஸ்கேனையும்விட அது உதவும்.

அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசியலாம். உள்ளங்காலைச் சுண்டுங்கள். மூச்சு வராவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு முதலுதவியைத் தொடங்குங்கள். செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தருவது எப்படி என்று உங்கள் மருத்துவமனையில் கேட்டு, இந்த வாரமே நீங்களும் கணவரும் கற்றுக்கொள்ளுங்கள்.